சமையல்காரியின் கோப்பு

நான் செய்த தப்பை எங்கள் ஆபீசில் ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை. கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் எங்கள் கம்பெனி. மறவா என்று ஒரு சில்லு செய்கிறோம். அரிசி அளவுதான் இருக்கும், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைப்பார்கள். வயதானவர்களுக்கு வரும் ஒரு மறதி நோய்க்கு அது. அந்த நோயில் பழைய சம்பவங்கள் அப்படியே இருக்கும். ஆனால் எதிரில் நிற்பவர் யார் என்பது மட்டும் போய்விடும். கல்யாணம் நடந்தது ஞாபகமிருக்கும், பக்கத்தில் மாலையோடு நின்றவள்தான் இப்போது சாதம் போடுகிறாள் என்பது தெரியாது. ஆகவே நோய் முற்றுவதற்குள் மூன்று மாதம் உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரிந்த ஒவ்வொருவரைப் பற்றிய நினைவுகளையும் பதிவெடுத்து, ஆளுக்கொரு கோப்பாக எங்கள் சர்வரில் ஏற்றிவிடுவோம். அவர்கள் ஒரு முகத்தைப் பார்த்ததும் சில்லு சர்வரைக் கேட்கும், சர்வர் அந்த முகத்தின் கோப்பைத் தேடி அனுப்பும். காதில் யாரும் பெயர் ஓதுவதில்லை. நமக்கெல்லாம் வருவதுபோல, தெரிந்தவர் என்ற உணர்வே வந்துவிடும்.

அந்தக் கோப்புகள் கிடக்கும் டேட்டாபேஸ் என் பொறுப்பு. என் பெயர் சுகிர்தா. பதினோரு வருட அனுபவம். வெட்கக்கேடு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு மாதத்துக்கு முன் சர்வர் இழுக்க ஆரம்பித்தது. சில வீடுகளில் கோப்பு போய்ச்சேர நான்கு நொடி, ஐந்து நொடி ஆனது. எங்கள் ஹாலில் பெரிய போர்டு ஒன்று உண்டு. ஒரு நொடிக்குமேல் காத்திருக்கும் வீடு அதில் சிவப்பாகத் தெரியும். அந்த வாரம் அரசாங்கத்திலிருந்து பார்வையிட வருவதாக இருந்தது. என் மேனேஜர் சம்பத் வந்து நின்றார்.

"வியாழக்கிழமைக்குள்ள போர்டு பச்சையாகணும் சுகிர்தா. எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

நானும் ஆக்கினேன். ஒரு நொடிக்குள் கோப்பு கிடைக்காவிட்டால் தேடுவதை நிறுத்திவிட்டு காலியான பதிலை அனுப்பும்படி ஒரு வரி மாற்றினேன். போர்டுக்குக் காலிப் பதிலும் பதில்தான். அரை மணி நேரத்தில் சுவர் முழுக்கப் பச்சை. சில்லு மறுபடி ஒருமுறை கேட்டுக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்குமா என்று போய்ப் பார்க்கவில்லை.

அது கேட்காது. காலிப் பதில் வந்தால், எதிரில் நிற்பவர் புது ஆள் என்று எடுத்துக்கொண்டு அவருக்கு ஒரு புதுக் கோப்பைத் திறக்கும். சில்லு செய்தவர்கள் சரியாகத்தான் செய்திருந்தார்கள். கோணல் என்னுடையது.

போன மாதம் சர்வர் மறுபடி திணறியது. இந்த முறை எல்லா வீட்டுக்கும். டைம்-அவுட், பதிலே வரவில்லை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை புகார். சம்பத் பெரிய சர்வர் வாங்கிப் போட்டார், பத்து நாள் தாங்கியது. நான் ஒன்பது நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துழாவினேன். இணைப்புகள் சரி. மெமரி சரி. ஒரு வேலை இன்னொன்றின் வழியை மறித்துக்கொண்டு நிற்கவில்லை. பத்தாம் நாள்தான் கோப்புகளையே எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றியது. எண்ணியதும் நேராக சம்பத்தின் அறைக்குப் போனேன்.

"ஒரே முகத்துக்கு ரெண்டு கோப்பு இருக்கு. மூவாயிரத்து நூத்தி நாலு வீட்டுல. அந்த ரெண்டாவது கோப்புங்கதான் நாளுக்கு நாள் ஊதி சர்வரை அடைக்குது."

"டூப்ளிகேட்தானே, அழிச்சுடு."

"யாரோட முகம்னு கேளுங்க."

"யாரோடது?"

"பொண்டாட்டி. புருஷன். சில வீட்டுல மகன், மகள். பால்காரருக்கு ஒரு கோப்புதான். கேஸ் சிலிண்டர் போடறவருக்கு ஒண்ணுதான்."

சம்பத் லேப்டாப்பை மூடினார். "புரியற மாதிரி சொல்லு."

"பால்காரர் கோப்புல நாப்பது காட்சி இருக்கும். கண் சிமிட்டறதுக்குள்ள வந்துடும். பொண்டாட்டி கோப்புல ரெண்டு லட்சம். தேடி எடுக்க நாலு நொடி. நான் ஒரு நொடியில வெட்டிட்டேன். யார் ரொம்ப காலம் கூட இருந்தாங்களோ அவங்கதான் நாலு மாசமா அந்த வீட்டுல அந்நியம்."

அவர் கேட்டது இதுதான்: "வேற யாருக்குத் தெரியும்?"

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கும் அதே கேள்விதான் முதலில் வந்தது.

வேகத்தைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. கோப்புகளுக்கு ஒரு அட்டவணை போட்டேன், புத்தகத்தின் கடைசியில் எந்த விஷயம் எந்தப் பக்கம் என்று இருக்குமே, அதைப்போல. இரண்டு லட்சம் காட்சியுள்ள கோப்பும் இப்போது அரை நொடிக்குள் வந்தது. இதை நான்கு மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான் என் சோம்பேறித்தனத்தின் அளவு.

ஆனால் இரண்டாவது கோப்பு சின்னது. என்ன செய்தாலும் அதுதான் முந்திக்கொண்டு போகும், சில்லு முந்தி வந்ததை எடுத்துக்கொள்ளும். ஆகவே அழிக்கத்தான் வேண்டும். எல்லா வீட்டிலும் அதை அழிக்கும் நிரல் ஒன்றை, ஸ்கிரிப்ட் என்போம், பதினோரு வரியில் எழுதினேன். முதலில் அழிப்பதற்குமுன் நகலெடுக்கும் வரி ஒன்றும் இருந்தது. நகலெடுக்க ஆறு மணி நேரம் பிடித்தது. பிழையாக விழுந்த பதிவை யார் பத்திரப்படுத்துவார்கள் என்று அந்த வரியை எடுத்துவிட்டேன்.

ஓட்டுவதற்குமுன் பழைய புகார்களைப் புரட்டினேன். கேக் வெட்டிய அடுத்த வாரத்தில் ஒன்று. பொங்கலூரிலிருந்து நாகரத்தினம் என்ற அம்மா. "வீட்டுக்காரருக்கு என்னைத் தெரியவில்லை. பால்காரரைத் தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது." சர்வரில் என்ன கோளாறு என்பதையே அந்த அம்மா இரண்டு வரியில் எழுதி அனுப்பியிருக்கிறார். அதற்கு "ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடவும்" என்று பதிலனுப்பி, நான்கு நிமிடத்தில் புகாரை முடித்திருக்கிறார்கள். முடித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

சம்பத்திடம் போய், முதலில் அந்த ஒரு வீட்டில் அழித்து என் கண்ணால் பார்க்கிறேன், பிறகு மற்றதை ஓட்டலாம் என்றேன். "வெள்ளிக்கிழமை மறுபடி பார்வையிட வர்றாங்க" என்றார். "நான் சொன்னதும் ஓட்டுங்க, எல்லாம் தயாரா இருக்கு" என்று ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தைக் காட்டினேன். காட்டியிருக்கவே வேண்டாம். வேலையை முடித்துவிட்டேன் என்று மெச்சிக்கொள்ளட்டுமே என்றுதான் காட்டினேன்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குப் பொங்கலூர் போய்ச் சேர்ந்தேன். பெரியவர் கேட்டிலேயே நின்றிருந்தார். தெய்வசிகாமணி, பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று கோப்பில் படித்திருந்தேன். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. சாலையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மணி. ஆரைப் பாக்கோணும்?"

"நாகரத்தினம் அம்மாவைங்க."

"எங்க வீட்டுக்காரிதான். வெளிய போயிருக்கறா, வந்துருவா. வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க. சமையலுக்கு ஒரு அம்மா இருக்காங்க, தண்ணி குடுப்பாங்க."

கேட்டைத் தாண்டிப் போனேன். உள்ளே வராந்தாவில் ஒரு அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் தாலிக்கொடி இல்லை. நான் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"நான்தானுங்க நாகரத்தினம். கொடியக் கழட்டி அரிசி டப்பாவுல வெச்சிருக்கறேன். அவரு வாங்கிக் குடுத்தது, பாத்தாருன்னா திருடிட்டேம்பாரு."

நடந்ததை அவர் சொல்ல ஆரம்பித்தார். யார் மேலும் குறை சொல்லும் தொனி இல்லை.

"மொத நாளு கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிப்போட்டாருங்க. ஆரு நீ, எங்கூட்டுக்குள்ள என்ன பண்றன்னு. மத்தியானம் வரைக்கும் ரோட்டுல நின்னேன். ரெண்டாம் நாளும் அப்படித்தான். மூணாம் நாளு பின்வாசல்ல வந்து, சமையலுக்கு வந்திருக்கறனுங்கன்னு சொன்னேன். சரி வாங்கன்னுட்டாரு. அன்னைக்கிருந்து சமையக்காரிங்க நானு."

"தப்பு என்னோடதுங்கம்மா" என்றேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது. காலிப் பதில், ஒரு நொடி, பெரிய கோப்பு, சின்னக் கோப்பு எல்லாவற்றையும் சொன்னேன். ரௌட்டர் பதில் அனுப்பியதும் நான்தான் என்றேன்.

அவர் யோசித்துவிட்டு, "அப்ப ரொம்ப வருசம் கூட இருந்ததுதான் தப்புங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் எனக்கு அவமானமாக இருந்தது.

"இப்ப சரி பண்ணிடலாங்கம்மா. அந்தச் சமையல்காரி கோப்பை அழிச்சுட்டா, அடுத்து உங்களைப் பாக்கறப்போ நீங்களாத்தான் தெரிவீங்க."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அழிச்சா, அவகிட்ட இவரு பேசுனதெல்லாம் என்னங்க ஆகும்?"

"அதுவும் போயிடுங்கம்மா. அப்படி ஒரு ஆள் இருந்ததே அவருக்குத் தெரியாது."

"நாப்பத்தாறு வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை தணிவாப் பேசுனதில்லீங்க. கெட்டவரில்ல, அடிச்சதில்ல. பேச்சுத்தான் வராது. சமையக்காரிகிட்ட தெனமும் உக்காந்து பேசறாருங்க. சாப்பிட்டீங்களாங்கறாரு. எம்பொண்டாட்டிய நானு ஒத்தையா உட்டுட்டேங்கறாரு." கேட்டுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பன் செத்தப்ப இவரு வரலீங்க. நான் ஒத்தையா பஸ்ஸேறிப் போனேன். ஏன் வரலைன்னு முப்பது வருசத்துல நான் எத்தனயோ தடவ கேட்டிருக்கறேன், எந்திரிச்சுப் போயிருவாரு. போன வாரம் அவராவே ஆரம்பிச்சாருங்க. மாமனாரு சாவுக்கு நான் போகல, அதுக்கு ஒரு காரணம் இருக்குதுன்னு. தெனமும் அதுவரைக்கும் வந்து நிறுத்திக்கறாரு. எனக்கு அதையத் தெரிஞ்சுக்கோணும் அம்மணி."

"அப்போ அழிக்க வேண்டாங்களா?"

"அழிக்கத்தானுங்க வேணும். நான் வருவேன்னு காலைல சட்டை மாத்திட்டு அந்தக் கேட்டுல போயி நிக்கறாருல்ல, அதையப் பாத்துட்டு என்னால சோறு திங்க முடியறதில்ல. ஒரு நாளு மட்டும் குடுங்க. நாளைக்குக் கேட்டுப்போடறேன். கேட்டு முடிச்சதும் அழிச்சிருங்க."

"நீங்க சொல்ற வரைக்கும் தொடமாட்டேங்கம்மா" என்றேன். மனசாரச் சொன்னேன். இந்த நான்கு மாதத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று கூட நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு அதற்குள் தைரியம் வந்துவிட்டது போலிருந்தது. "நாளைக்கு எதுக்குங்க? இப்பவே கேக்கறேன்" என்று எழுந்து கேட்டுக்குப் போனார். நான் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் காலடி கேட்டுத் திரும்பினார்.

"எங்க போயித் தொலஞ்ச இத்தன நேரம்? ஆரோ உன்னையப் பாக்க வந்து உக்காந்திருக்குது. போயிக் காப்பி வை."

அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் மறுபடி சாலையைப் பார்க்கவில்லை. சட்டையின் மேல்பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

"ஏனுங்க, எங்கப்பன் சாவுக்கு ஏன் நீங்க வரல?" என்று பின்னாலிருந்து கேட்டார் நாகரத்தினம்.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

நான் பையிலிருந்து போனை எடுத்தேன். சத்தத்தை அணைத்துவைத்திருந்தேன். சம்பத்திடமிருந்து பத்து ஐம்பத்திரண்டுக்கு வந்திருந்தது: "பார்வையிட இன்னிக்கே வந்துட்டாங்க. ஸ்கிரிப்ட் ஓட்டியாச்சு. மூவாயிரத்து நூத்தி நாலும் போச்சு. போர்டு முழுக்கப் பச்சை. சூப்பர்." நகல் இல்லை. நகலெடுக்கும் வரியை எடுத்தவள் நான். மூவாயிரம் வீட்டில் யார் யாரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தார்களோ, பாதிப் பேச்சில் எல்லாம் போய்விட்டது.

நாகரத்தினம் என்னைக் கடந்து உள்ளே போனார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தினார். "காப்பி வெக்கச் சித்த நேரமாகுங்க. நீங்க அவருகூடப் பேசிட்டு இருங்க, அம்மணி. உங்களைய அவருக்குத் தெரியாதில்லீங்க" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்நியரிடம்தான் அவருக்குப் பேச்சு வரும்.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். எந்த ஊர், எங்கே வேலை, கல்யாணம் ஆயிற்றா என்று ஒவ்வொன்றாக மரியாதையாகக் கேட்டார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, வேண்டுமென்றே உருட்டுவதுபோல. நான் பதில் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, பேச்சு தீர்ந்ததும் சும்மா இருந்தேன். அவர் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கேட்டீங்கல்ல அம்மணி, கேட்டுல வெச்சு இவ என்ன கேட்டாள்னு?"

"கேட்டதுங்க."

"முப்பது வருசமா கேக்கறா. மாமனாரு மூச்சு இழுத்துட்டு இருக்கறாரு, பொண்ணைக் கூட்டிட்டு வாங்கன்னு மில்லு ஆபீசுக்குப் போன் வந்துச்சுங்க, ஒரு புதன்கெழமை. அன்னைக்கு ஆளு பத்தல. ராத்திரி ஷிப்டும் நான்தான் பாக்கோணும். இவகிட்டச் சொன்னா உடனே கெளம்போணும்பா. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். மறுநாளு சாவுச் சேதியே வந்துபோச்சு. மக கையில தண்ணி வாங்கிக் குடிக்கோணும்னு கேட்டுட்டே இருந்தாராமா. அந்த மூஞ்சிய எப்படிங்க நான் போயிப் பாக்கறது?" சட்டை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

காப்பி வந்தது. குடித்தேன். விடைபெற்று எழுந்தபோது நாகரத்தினம் கேட் வரைக்கும் கூடவே வந்தார். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். இன்னொருத்தர் நம்பிச் சொன்ன ரகசியம். ஆனால் இந்த அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. புதன்கிழமை போன் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"புதன்கெழமைங்களா?"

"ஆமாங்கம்மா."

"எனக்கு வியாழக்கெழமை சாயங்காலம், சாவுச் சேதியத்தானுங்க சொன்னாரு." கம்பியை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். அழவில்லை. "அவரு இதைய அந்தச் சமையக்காரிகிட்டச் சொல்லியிருந்தா, போகட்டும் உடுங்க, முப்பது வருசமாச்சு, உங்க வீட்டம்மா கோவிச்சுக்க மாட்டாங்கன்னு நானு சொல்லியிருப்பேன். அவரும் கேட்டுக்கிட்டிருப்பாரு. இப்ப அதைய ஆரு அம்மணி சொல்றது?"

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து பெரியவர் கூப்பிட்டார், நாகரத்தினம் என்று முழுப்பெயரைச் சொல்லி. வந்துட்டனுங்க என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கேட்டைச் சாத்திக்கொண்டு போனார்.